வெண்செவி சொன்ன மேய்ச்சல் கூலி

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், பரந்த புல்வெளி ஒன்று இருந்தது. அது வெண்செவி என்ற தாய் முயலுக்குச் சொந்தமானது.

அந்தப் புல்வெளியைப் பற்றி வெண்செவிக்கு மிகவும் பெருமை. எந்த மூலையில் அறுகு படரும், எந்தச் சரிவில் கொழுக்கட்டைப்புல் கதிர் விடும், எந்தப் பள்ளத்தில் கோரை முளைக்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. "இவ்வளவு பெரிய வெளியைத் தனியாக எப்படிக் கவனிக்கிறாய்?" என்று யாராவது கேட்டால் போதும். "மற்றவர்கள் நிலத்தைக் காலால் அளப்பார்கள். நான் பல்லால் அளந்தவள்!" என்று காதை நிமிர்த்திச் சொல்லும்.

ஒரு கோடையில் தெற்கு மலையில் தீப்பிடித்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த எருமை மந்தைக்கு ஒரு புல்கூட மிஞ்சவில்லை. பன்னிரண்டு எருமைகளும் நான்கு கன்றுகளும் மலையை விட்டு இறங்கி ஆற்றோரம் வந்து சேர்ந்தன.

அந்த மந்தைக்குத் தலைவன் கருங்கொம்பன் என்ற எருமைக்கடா. அதற்குக் கர்வம் அதிகம். அதன் முதுகில் எப்போதும் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கும். குருவிக்கு வாய் அதிகம்.

கருங்கொம்பன் புல்வெளியின் ஓரத்தில் வந்து நின்றது.

"முயலே! மழை வரும்வரை என் மந்தை இங்கே மேயும்," என்றது.

"தாராளமாக மேயலாம். கூலி பேசிவிட்டு மேயலாம்," என்றது வெண்செவி.

"கூலியா? என் குளம்பு அளவுதான் இருக்கிறாய். என்னிடம் கூலி கேட்கிறாயா?"

"குளம்புக்குக் கூலி கேட்கவில்லை, தலைவரே. வாய்க்குத்தான் கேட்கிறேன். பன்னிரண்டு வாய் வந்திருக்கிறதே!"

கரிச்சான் 'கிக்கிக்' என்று சிரித்தது. கருங்கொம்பன் முதுகை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து அதை விழத்தட்டப் பார்த்தது. குருவி விழவில்லை.

கருங்கொம்பன் நினைத்திருந்தால் முயலை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்திருக்கலாம். ஆனால் அதன் கர்வம் அதற்கு இடம் தரவில்லை.

"யாரிடமும் எதையும் சும்மா வாங்கி எனக்குப் பழக்கமில்லை. உன் கூலியைச் சொல். நீ கேட்பதைப் போலப் பத்து மடங்கு தருகிறேன்," என்றது.

"பத்து மடங்கு இருக்கட்டும். ஒரு மடங்கு எவ்வளவு என்றே எனக்கு இன்னும் தெரியாது. உங்கள் மந்தையில் அதிகமாகவும் தின்னாமல், குறைவாகவும் தின்னாமல், நடுத்தரமாகத் தின்னுகிற ஒருவரை இன்று மட்டும் இங்கே மேய விடுங்கள். நாளைக் காலையில் கூலியைச் சொல்கிறேன்."

"அதுவரை மற்றவர்கள் பட்டினியா?"

"பசித்த வாயை நான் காக்க வைப்பேனா? ஆற்றங்கரை நாணல் யாருக்கும் சொந்தமில்லை. இன்று மற்றவர்கள் அதைத் தின்னட்டும்."

அப்படியே ஓர் எருமை மட்டும் புல்வெளிக்குள் வந்தது. வெண்செவி அதன் பின்னாலேயே தாவித் தாவிப் போயிற்று. எருமை மேய்ந்த இடத்தின் நீளத்தையும் அகலத்தையும் தாவல் கணக்கில் எண்ணியது. பொழுது சாயும்போது நான்கு மூலைகளிலும் நான்கு குச்சிகளை நட்டுவைத்தது.

கரிச்சான் மெதுவாகப் பறந்து வந்து ஒரு குச்சியின்மேல் உட்கார்ந்தது.

"முயலக்கா, இவ்வளவு எண்ணுவானேன்? அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. எதைக் கேட்டாலும் கொடுப்பார்கள். நன்றாகக் கூட்டிக் கேள்."

"நீ எருமைகள் பக்கத்துக் குருவி அல்லவா?"

"நான் முதுகுப் பக்கத்துக் குருவி. எந்த முதுகாக இருந்தாலும் சரி."

"போக்கிடம் இல்லாதவரிடம் கூட்டிக் கேட்டால் அதற்குப் பெயர் கூலி இல்லை, குருவியே. பறிப்பு," என்றது வெண்செவி.

"அப்படியென்றால் சும்மா மேய விடு. அந்தக் கன்றுகளைப் பார். பாவம்!"

"சும்மா விட்டால் அடுத்த கோடையில் என் பிள்ளைகள் பாவம். இந்த நிலம் வெறும் மண்ணாகிவிடும். கொஞ்சம் பேசாமல் இரு. எண்ணிக்கை விட்டுப்போகிறது."

மறுநாள் காலையில் மந்தை முழுவதும் வந்து நின்றது. வெண்செவி ஒரு சிறிய கல்லின்மேல் ஏறி நின்று பேசியது.

"உங்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு புல் வேண்டும் என்று பார்த்தேன். அந்த அளவில் என் புல்வெளியைத் துண்டு போட்டால் முப்பத்தொரு துண்டு வருகிறது. ஒரு துண்டு என் பிள்ளைகளுக்கு. அதில் யாரும் வாய் வைக்கக் கூடாது. மற்ற முப்பதில், நாளுக்கு ஒரு துண்டாக மேயுங்கள். முப்பது நாள் கழித்து முதல் துண்டுக்குத் திரும்பி வருவீர்கள். அதற்குள் அங்கே புல் மறுபடி வளர்ந்திருக்கும்."

"சரி," என்றது கருங்கொம்பன்.

"இன்னும் ஒன்று. நான் பதுங்கி உட்கார்ந்தால் என் காது எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்குக் கீழே ஒருவரும் புல்லைக் கடிக்கக் கூடாது. வேர் போனால் எல்லாம் போச்சு."

"சரி, சரி. கூலியைச் சொல்."

"புல் வளர வளர மண் மெலியும். மெலிந்த மண்ணுக்கு ஆற்று வண்டல் வேண்டும். அதைச் சுமந்து வர எனக்கு முதுகு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. எப்படியும் நண்பகலில் ஆற்றுச் சேற்றில் புரளத்தான் போகிறீர்கள். புரண்டு எழுந்து நேரே இங்கே வாருங்கள். அன்று மேய்ந்த துண்டில் நின்று உடம்பை உதறுங்கள். ஓர் எருமைக்கு, ஒரு நாளைக்கு, ஓர் உடம்புச் சேறு. அதுதான் கூலி."

"கன்றுகளுக்கு?" என்று ஒரு தாய் எருமை கவலையோடு கேட்டது.

"பால் குடிக்கும் வாய்க்குக் கூலி கிடையாது," என்றது வெண்செவி.

கருங்கொம்பன் மூக்கால் சிரித்தது.

"வெறும் சேறுதானா? ஒன்று என்ன, பத்து உடம்புச் சேறு தருகிறேன். கருங்கொம்பன் கொடுத்தான் என்று இந்தக் காடு பேசட்டும்!"

"பத்து உடம்புச் சேறு போட்டால் புல்லுக்கு மூச்சு முட்டும். ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்றுக்குக் குறையவும் வேண்டாம்."

அன்றைக்கே மேய்ச்சல் தொடங்கியது.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எருமைகள் காட்டிய துண்டில் மேய்ந்தன. காது உயரத்துக்குக் கீழே கடிக்கவில்லை. நண்பகலில் ஆற்றில் புரண்டு வந்து சேற்றை உதறின. வெண்செவி தினமும் பன்னிரண்டு உதறல்களை எண்ணிய பிறகுதான் வளைக்குத் திரும்பும்.

ஆனால் குழந்தைகளே, ஒன்றே ஒன்றை வெண்செவி பேச மறந்துவிட்டது. மேய்ந்த மாடுகள் பொழுது சாய்ந்ததும் எங்கே படுக்க வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. மேய்ந்த இடத்தில்தானே படுக்கும், வேறெங்கே போகும் என்று நினைத்துவிட்டது.

புல்வெளிக்கு மேற்கே, ஓர் இலுப்பை மரத்தடியில், ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு உடம்பெல்லாம் முள், நாக்கு மட்டும் தேன். அதன் நிலமோ வெறும் சரளை. அதில் விளையும் வள்ளிக்கிழங்கு விரல் பருமனைத் தாண்டியதே இல்லை.

முதல் நாள் மாலையிலேயே முள்ளம்பன்றி மந்தையின் வழியில் வந்து நின்றுவிட்டது.

"மகாராஜா! தாங்கள் இந்த மொட்டை வெளியிலா படுக்கப் போகிறீர்கள்? பார்க்கவே என் வயிறு எரிகிறது. என் இலுப்பை மரத்தடிக்கு வாருங்கள். காற்று சும்மா சிலுசிலுவென்று வரும்!"

"அதற்கு நீ என்ன கூலி கேட்பாய்?" என்றது கருங்கொம்பன்.

"கூலியா! ஐயையோ, காதில் விழக்கூடாத வார்த்தை! தங்களைப் போன்றவர் வந்து படுப்பதே என் மண்ணுக்குப் பெருமை. தங்களிடம் போய்க் கூலி கேட்க நான் என்ன முயலா? இலவசம், மகாராஜா, இலவசம்!"

கருங்கொம்பனுக்கு உச்சி குளிர்ந்தது.

"கேட்டாயா, கரிச்சான்? என் அருமை தெரிந்தவனும் இந்தக் காட்டில் ஒருவன் இருக்கிறான்," என்று சொல்லி, மந்தையை இலுப்பை மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போயிற்று.

அன்று முதல் பகலெல்லாம் முயலின் நிலத்தில் மேய்ச்சல். பொழுது சாய்ந்தால் முள்ளம்பன்றியின் நிலத்தில் படுக்கை. எருமைகள் இடம் மாறி மாறிப் படுத்ததால் அந்த நிலம் முழுவதும் சாணம் பரவியது.

இருபது நாள் ஆயிற்று.

வெண்செவி முதல் துண்டைப் பார்க்கப் போயிற்று. புல் இந்நேரம் பாதியாவது வளர்ந்திருக்க வேண்டும். அங்கே நகத்தின் அகலத்துக்கு மஞ்சளாக ஏதோ துளிர்த்திருந்தது. அவ்வளவுதான். இரண்டாவது துண்டும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

வெண்செவி நாட்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. இன்னும் பத்து நாளில் மந்தை முதல் துண்டுக்குத் திரும்பி வந்துவிடும். அங்கே புல் இருக்காது. மழை வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பசித்த எருமைகள் முப்பத்தோராவது துண்டில், பிள்ளைகளின் துண்டில், வாய் வைக்கும். அதுவும் தீர்ந்தால் வேரைத் தோண்டும். அதற்குப் பிறகு இந்தப் புல்வெளி என்ற பெயர்கூட மிஞ்சாது.

வெண்செவி மண்டியிட்டு ஒவ்வொரு அடியாகப் பார்த்தது. கடித்த உயரம் சரியாக இருந்தது. உதறிய சேறு பன்னிரண்டு இடங்களிலும் காய்ந்து கிடந்தது.

"கடித்ததிலும் தப்பில்லை. கொடுத்ததிலும் தப்பில்லை. பிறகு புல் ஏன் ஏமாற்றுகிறது?" என்று அது தனக்குள் கேட்டுக்கொண்டது.

பிறகு மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. ஏதோ ஒரு வாசனை குறைந்தது. காதைச் சாய்த்துக் கேட்டது. ஏதோ ஒரு சத்தமும் குறைந்தது. இருபது நாளாக எருமைகள் நடமாடிய நிலத்தில் சாணம் உருட்டும் வண்டு ஒன்றைக்கூடக் காணவில்லை!

வெண்செவி தரையைச் சுற்றிப் பார்த்தது. பகலில் விழுந்த இரண்டொரு சாணத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. குளம்புத் தடங்கள் மட்டும் மேற்கு நோக்கிப் போயிருந்தன. பொழுது சாயும் நேரத்தில் அந்தத் தடங்களைப் பின்பற்றி அது நடந்தது.

இலுப்பை மரத்தடிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

சரளையாகக் கிடந்த நிலம் கறுத்து மெத்தென்று ஆகியிருந்தது. வள்ளிக்கொடி மரத்தின் முதல் கிளைவரை ஏறியிருந்தது. கொடிகளுக்கு நடுவே புல் புதர் புதராக மண்டியிருந்தது. எங்கே பார்த்தாலும் வண்டுகள் சாணத்தை உருட்டிக்கொண்டிருந்தன. எருமைகள் அப்போதுதான் வந்து ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன.

"என் புல்தான் இங்கே வந்து கிடக்கிறது," என்று வெண்செவி முணுமுணுத்தது.

கரிச்சான் ஆவலோடு பறந்து வந்தது.

"முயலக்கா, மூக்கு சிவந்திருக்கிறதே! சண்டையா? கூலியை இரட்டிப்பாக்கு. மூன்று மடங்காக்கு. நான் சாட்சி சொல்கிறேன்!"

"எதற்குச் சாட்சி? அவர்கள் பேசியதைப் பேசியபடி கொடுத்தார்கள். பேச மறந்தவள் நான். என் மறதிக்கு அவர்களிடம் வசூல் செய்வதா?" என்று சொல்லிவிட்டு, வெண்செவி நேரே கருங்கொம்பனின் முன்னால் போய் நின்றது.

"தலைவரே, உங்களிடம் ஒரு வார்த்தை."

"என்ன? கூலியில் குறை வைத்தோமா?" கருங்கொம்பனின் குரல் உயர்ந்தது. "ஒரு நாள் தவறியிருந்தால் சொல்!"

"ஒரு நாளும் தவறவில்லை. நான் கூலியைக் குறைக்க வந்திருக்கிறேன்."

கருங்கொம்பன் அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

"குறைக்கவா?"

"ஆமாம். உங்கள் சாணத்தை நான் விலை பேச மறந்துவிட்டேன். அது உங்களுடையது. அதற்கு ஒரு விலை உண்டு. இனிமேல் பொழுது சாய்ந்ததும் மேய்ந்த நிலத்திலேயே படுங்கள். சாணம் அங்கே விழட்டும். அதற்கு ஈடாகச் சேற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்."

"சாணத்துக்கு விலையா? நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போகிற பொருளுக்கா?"

இதைக் கேட்டதும் முள்ளம்பன்றி அவசர அவசரமாக முன்னால் வந்தது.

"அப்படிக் கேளுங்கள், மகாராஜா! கழிவுக்கு யாராவது விலை பேசுவார்களா? இந்த இருபது நாளாக நானே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கிடக்கிறேன். என்ன செய்வது, விருந்தாளி ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறேன்."

வெண்செவி அதன் பக்கம் திரும்பியது.

"அப்படியா, அண்ணே? இருபது நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டீர்களா? உங்களுக்குப் பெரிய மனசு. இனிமேல் அந்தத் தொல்லை உங்களுக்கு வேண்டாம். இப்போதே நான் இவர்களை அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன்."

"அதனால் என்ன, தங்கச்சி? தாராளமாகப் போகட்டுமே!" என்றது முள்ளம்பன்றி.

"தலைவரே, எழுந்திருங்கள்," என்றது வெண்செவி.

கருங்கொம்பன் முன்னங்காலை ஊன்றி எழுந்தது. அவ்வளவுதான். முள்ளம்பன்றியின் முதுகில் இருந்த அத்தனை முள்ளும் 'சடசட'வென்று நட்டுக்கொண்டு நின்றன!

எல்லா எருமைகளும் தலையைத் திருப்பிப் பார்த்தன.

"அண்ணே, உங்கள் நாக்கு போகச் சொல்கிறது. முள் போகாதே என்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்றது கரிச்சான்.

"அது... அது காற்று," என்றது முள்ளம்பன்றி.

காற்றே இல்லை. இலுப்பை இலை ஒன்றுகூட ஆடவில்லை.

கருங்கொம்பன் மறுபடி படுத்தது. முட்கள் மெதுவாகப் படிந்தன. கருங்கொம்பன் எழுந்தது. முட்கள் எழுந்தன. படுத்தது. படிந்தன. மூன்றாவது முறை எழுந்தபோது கன்றுகள் நான்கும் சிரித்துப் புரண்டன. பெரிய எருமைகளும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டன.

கருங்கொம்பன் மட்டும் சிரிக்கவில்லை. கறுத்த மண்ணைப் பார்த்தது. மரமேறிய கொடியைப் பார்த்தது.

"இருபது நாள்!" என்றது. "நான் இலவசமாகப் படுத்திருக்கிறேன் என்று நினைத்தேன். இல்லை. நான் இலவசமாகக் கொடுத்திருக்கிறேன்! இவன் என்னை மகாராஜா என்று அழைத்து என்னிடம் சும்மா வாங்கியிருக்கிறான்!"

அதன் மூக்கிலிருந்து புகைபோல மூச்சு வந்தது. வள்ளிக்கொடியின்மேல் மிதிக்கக் காலை ஓங்கியது.

"ஐயோ, என் கிழங்கு! வருஷத்துக்கு ஒருமுறை விளைகிற கிழங்கு!" என்று முள்ளம்பன்றி அலறியது.

"நில்லுங்கள், தலைவரே," என்றது வெண்செவி. "மிதித்தால் யாருக்கும் ஒன்றும் வராது. அவர் உங்களுக்குப் படுக்க நிழல் கொடுத்தார். அதற்கு ஒரு கூலி உண்டு. நீங்கள் அவர் மண்ணுக்குச் சாணம் கொடுத்தீர்கள். அதற்கும் ஒரு கூலி உண்டு. இரண்டையும் கழித்துப் பார்ப்போம்."

வெண்செவி கொடிகளின் நடுவே இங்கும் அங்கும் தாவிப் போய், மண்டியிருந்த புல்லை அளந்துகொண்டு வந்தது.

"அண்ணனுக்குக் கிழங்குதான் ஆகாரம். புல்லை அவர் தொடுவதில்லை. உங்கள் சாணத்தில் வளர்ந்த புல் இங்கே நிறைய இருக்கிறது. இருபது நாள் சாணத்துக்கு இருபது நாள் மேய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். இலுப்பை நிழலுக்காக அதில் பாதியைக் கழிப்போம். மீதி பத்து நாள். அந்தப் பத்து நாள் நீங்கள் இங்கே மேயுங்கள். கொடியை மிதிக்கக் கூடாது. கிழங்கைக் கிளறக் கூடாது. பொழுது சாய்ந்ததும் என் புல்வெளிக்கு வந்து படுங்கள்."

முள்ளம்பன்றிக்குக் கிழங்கு தப்பியதே பெரிது. இருந்தாலும் அது வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

"மேய்வது என் நிலத்தில், படுப்பது உன் நிலத்திலா? இது எந்தக் காட்டு நியாயம்?"

"இருபது நாளாக நடந்த அதே நியாயம்தான், அண்ணே. இப்போது திருப்பிப் போட்டிருக்கிறோம்," என்றது கரிச்சான்.

வெண்செவி மறுபடி கருங்கொம்பனைப் பார்த்தது.

"என் நிலத்தில் இருபது துண்டுகள் மெலிந்து கிடக்கின்றன. மாலைக்கு இரண்டு துண்டாக மாறி மாறிப் படுத்தால் பத்து நாளில் இருபதும் முடிந்துவிடும். அந்தப் பத்து நாளும் நீங்கள் என் புல்லைத் தின்னப் போவதில்லை. அதனால் அந்த நாட்களுக்குச் சேறும் வேண்டாம். பிறகு மழை வரும்வரை நாளுக்கு ஆறு உடம்புச் சேறு போதும்."

"ஆறா? நாங்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு உடம்புச் சேறும் தருவோம். குறைத்துக் கொடுத்தோம் என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம்," என்றது கருங்கொம்பன்.

"சாணத்தையும் கொடுத்து முழுச் சேற்றையும் கொடுத்தால், அதற்குப் பெயர் கூலி இல்லை. தானம். தானம் வாங்கும் நிலம் இல்லை இது."

கருங்கொம்பன் தலையைத் தாழ்த்தி அந்தச் சின்ன முயலைப் பார்த்தது.

"என் கர்வத்தைவிட உன் கர்வம் பெரிதாக இருக்கிறதே!"

"உயரத்தில் கிடைக்காததை வேறெங்காவது சேர்த்து வைக்க வேண்டாமா?" என்றது வெண்செவி.

அப்போது கருங்கொம்பனும் சிரித்தது. பிறகு மந்தையை எழுப்பிக்கொண்டு கிழக்கே நடந்தது.

பத்து நாள் கழிந்தது. முயலின் புல்வெளிக்கு வண்டுகள் வந்தன. வண்டுகளைத் தேடிக் கொண்டலாத்திக் குருவிகள் வந்தன. மெலிந்த துண்டுகளில் ஊசி ஊசியாகப் பச்சை எட்டிப் பார்த்தது. முள்ளம்பன்றியின் நிலத்துப் புல் தீர்ந்ததும், மந்தை முயலின் நிலத்தில் இன்னும் மேயாமல் மீதி இருந்த பத்துத் துண்டுகளுக்குத் திரும்பியது.

அவையும் முடிந்து, மந்தை மறுபடி முதல் துண்டுக்கு வந்த நாளில், வெண்செவி அங்கே முன்னதாகவே போய்ப் பதுங்கி உட்கார்ந்திருந்தது.

"முயலக்கா எங்கே? காணோமே!" என்றது கரிச்சான்.

புல்லுக்குள்ளிருந்து, "இங்கேதான் இருக்கிறேன். என் காது தெரிகிறதா?" என்று குரல் வந்தது.

"தெரியவே இல்லை!"

"அப்படியானால் மேயலாம்," என்று வெண்செவி வெளியே தாவி வந்தது. அதன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

முப்பத்தோராவது துண்டில் கடைசிவரை ஒரு வாயும் படவில்லை. முயல் குட்டிகள் அதில் ஓடிப் பிடித்து விளையாடின. முள்ளம்பன்றிக்கும் அந்த ஆண்டு எருமைக் கொம்பின் பருமனில் வள்ளிக்கிழங்கு விளைந்தது. ஆனால் அது புலம்பிக்கொண்டேதான் தின்றது.

ஒருநாள் வானம் இருண்டு மழை கொட்டியது. சில வாரங்களில் தெற்கு மலை பச்சைப் போர்வை போர்த்துக்கொண்டது. எருமை மந்தை வெண்செவியிடம் விடைபெற்றுக்கொண்டு சொந்த மலைக்குக் கிளம்பியது.

வழியில் ஒரு புள்ளிமான் கூட்டம் எதிரே வந்தது. அவற்றின் பள்ளத்தில் வெள்ளம் புகுந்துவிட்டது. தங்க இடம் தேடி அலைந்துகொண்டிருந்தன.

"கருங்கொம்பரே!" என்று மான்களின் தலைவன் அழைத்தது. "அந்தப் புல்வெளியில்தானே இத்தனை நாள் இருந்தீர்கள்? அந்த முயல் உங்களுக்குத் தெரிந்ததுதானே? நீங்கள் ஒரு சொல் சொன்னால் எங்களை அங்கே இலவசமாக மேய விடும். சொல்லக் கூடாதா?"

கருங்கொம்பன் நின்றது. அதன் பின்னால் மற்ற எருமைகளும் நின்றன.

"இலவசமாகவா? நாங்கள் அங்கே கூலி கொடுத்து மேய்ந்தவர்கள்! ஒரு நாள்கூடக் குறை வைத்ததில்லை. அந்த அம்மாவும் ஒரு பிடி மண்கூடக் கூட்டி வாங்கியதில்லை. நேரே போய்க் கேள். உங்களில் ஒருவரை ஒரு நாள் மேய விட்டுப் பார்ப்பாள். பிறகு கூலியைச் சொல்வாள். அதைக் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து மேயுங்கள்!"

"தலையை நிமிர்த்திக்கொண்டு எப்படி மேய்வது?" என்று ஒரு மான்குட்டி கேட்டது.

"மேயும்போது குனிந்துதான் ஆக வேண்டும், குட்டி," என்றது கருங்கொம்பன். "மேய்ந்துவிட்டு ஊருக்குத் திரும்பும்போது நிமிர்ந்து நடக்கலாம். இதோ, எங்களைப் பார்!"

நீதி: கொடுப்பதையும் பெறுவதையும் சேர்த்து எண்ணிச் சொன்ன கூலியே இருவருக்கும் பெருமை தரும்.